முழுப்பேரும் அரைப்பேரும்: திம்புள்ளயில் வேலைநாளை அளந்த வரலாறு

1. பிரச்சினை

அரசாங்க ஊழியர் வீட்டிலிருந்து பணிபுரியும்போது தமக்குரிய முழுநேரத்தையும் பணியிற் செலவிடுகின்றனரா என்னும் வினா அண்மைக் காலத்தில் இலங்கையின் பொதுவாழ்விற் பலகாலும் எழுந்துள்ளது. கொவிட் தொற்றுப் பரவிய வேளை, 2020 மார்ச் 20 முதல் 27 வரையுள்ள காலத்தை வீட்டிலிருந்து பணிபுரியும் வாரமாக அரசாங்கம் அறிவித்தது. அதனைத் தொடர்ந்து ஊரடங்கு வந்தது. 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சமுற்றபோது, ஜூன் 20 முதல் இரு வாரங்களுக்கு அத்தியாவசியப் பணியாளர் தவிர்ந்த ஏனைய அரசாங்க ஊழியர் மீண்டும் வீட்டிலிருந்து பணிபுரியப் பணிக்கப்பட்டனர். அதே மாதத்தில், உணவுப் பயிர்ச்செய்கையில் ஈடுபடும் பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்கு விடுமுறை வழங்கவும் அமைச்சரவை இணங்கியது. இக்காலங்களில் அவர்தம் மாதச் சம்பளம் தொடர்ந்து வழங்கப்பட்டது. எனவே, பெற்ற சம்பளத்துக்கு ஈடான நேரம் உழைக்கப்பட்டதா என்னும் ஐயம் ஒரு சாராரிடத்து எழுந்ததில் வியப்பில்லை.

இவ்வினாவுக்கு நேரடி விடை கூறுவது நமது நோக்கமன்று. அவ்வினாவின் அடியிற் கிடக்கும் அளவுகோலை ஆராய்வதே நோக்கம். ஒருவர் முழுநாள் உழைத்தார் என்பதை யார், எதைக்கொண்டு, எவ்வாறு தீர்மானிக்கின்றனர்? இவ்வினாவை ஆராய்வதற்குத் திம்புள்ளப் பிரதேசம் பெரிதும் பொருத்தமான களமாகும். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக, இங்குள்ள தோட்டங்களில் ஒவ்வொரு மாலையிலும் ஒவ்வொரு தொழிலாளி குறித்தும் இதே வினா கேட்கப்பட்டு, அதற்குரிய விடை ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்விடையைப் பொறுத்தே அன்றைய சோறு அமைந்தது.

இதில் மனங்கொள்ளத்தக்க முரண் ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு வேளையில் பெருந்தோட்டத் தொழில் தொடர்ந்து நடைபெற அனுமதிக்கப்பட்டது. நகரத்து அலுவலகங்கள் மூடிக்கிடக்க, திம்புள்ளயின் மலைகளிற் கொழுந்து நிறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரே பிரதேசத்தில் இருவகைப் பதிவேடுகள் நிலவின. ஒன்று, வீட்டிலிருந்தவருக்கும் முழுநாளைக் கணக்கிட்டது. மற்றையது, மலையில் நாள்முழுதும் நின்றவருக்கும் நிறுவை குறைந்தால் அரைநாளைக் கணக்கிடும் மரபுடையது. முன்னவருக்குக் கிடைத்ததைக் கண்டு பொறாமையுறுவதற்காக இதனை நாம் எடுத்துக்காட்டவில்லை. ‘முழுநாள்’ என்பது கடிகாரத்தினால் மட்டும் தீர்மானிக்கப்படும் ஒன்றன்று, அது சமூக உறவுகளால் தீர்மானிக்கப்படுவது என்பதை உணர்த்துவதற்காகவே கூறுகின்றோம்.

2. பிரட்டும் செக்ரோலும்

திம்புள்ள முதலிற் கோப்பி விளைந்த பள்ளத்தாக்கு. 1869இல் இலங்கையில் முதன்முதலாக அவதானிக்கப்பட்ட கோப்பி இலைநோய், அடுத்த இரு தசாப்தங்களில் அப்பயிரை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. 1885இல் நானு ஓயாவரை நீட்டப்பட்ட புகையிரதப் பாதை, திம்புள்ளத் தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்தோடு இணைத்தது.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியமை பயிர் மாற்றம் மட்டுமன்று. அது கால ஒழுங்கின் மாற்றமுமாகும். கோப்பி பருவப் பயிர். அறுவடைக் காலத்தில் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்து, அது முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பிச் சென்றனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எட்டு, பத்து நாளுக்கொருமுறை அதே செடியிற் கொய்தாக வேண்டும். ஆகவே, குடும்பத்தோடு தங்கியிருந்து நாள்தோறும் வேலைக்கு வரும் தொழிலாளர் கூட்டம் ஒன்று தேவைப்பட்டது. அந்நாள்தோறும் வருகையை உறுதிப்படுத்த மூன்று கருவிகள் அமைந்தன. அவை சட்டம், பிரட்டு, செக்ரோல் என்பன.

சட்டத்தை முதலில் நோக்குவோம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றிக் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் வேலைக்கு வராதிருத்தல் தண்டனைக்குரிய குற்றமாகும். மூன்று மாதம்வரை சிறையிலிடவும் அச்சட்டம் இடமளித்தது. வேலைக்கு வராமை இன்று ஓர் ஒழுக்காற்றுப் பிரச்சினை; அன்று அது குற்றவியற் பிரச்சினை. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளர் தொடர்பில் வேறொரு கோட்பாட்டையும் ஏற்றுக்கொண்டது. தொழிலாளி வேலைசெய்ய இயலுமையும் விருப்பமும் உடையவனாக இருக்கும் நாளுக்கு, வேலைகொள்வோர் வேலை வழங்கினாலும் வழங்காவிடினும், வாரத்தில் ஆறு நாளுக்கு மேற்படாதவாறு கூலி கொடுத்தல் வேண்டும் என்பது அக்கோட்பாடு. ஆயத்தமாக வந்து நிற்றலே ஒரு நாளின் அளவு என்னும் கருத்து, ஏட்டளவிலேனும், நூற்றாண்டுக்கு முன்னரே தோட்டச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நடைமுறை வேறாயிருந்தது. விடியுமுன் தப்பொலி எழும். லயங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் பிரட்டுக்களத்திற் கூடுவர். ‘பரேட்’ என்னும் படைத்துறைச் சொல்லே மலையகத் தமிழிற் ‘பிரட்டு’ ஆயிற்று என்பர். சொல்லோடு படைத்துறை ஒழுங்கும் சேர்ந்தே வந்தது. துரையோ கண்டக்டரோ முன்னிற்க, ஆட்கள் எண்ணப்பட்டு, கொழுந்து, கவ்வாத்து, முள்ளுக்குத்து என வேலைகள் பகிரப்படும். பிந்தி வந்தவர் திருப்பியனுப்பப்படுவர். பிரட்டில் நின்றதனால் மட்டும் பேர் கிடைத்துவிடாது. மாலையில் கணக்கப்பிள்ளையின் குறிப்பிலிருந்து செக்ரோலுக்கு ஏறும்போதே அது முழுப்பேரா அரைப்பேரா என்பது முடிவாகும்.

‘பேர்’ என்னும் இச்சொல்வழக்கு ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. தோட்டத் தமிழிற் பேர் என்பது ஒருவனை அழைக்கும் பெயரையும் அவனது ஒரு நாட் கூலியையும் ஒருங்கே குறிப்பது. ‘இன்றைக்குப் பேர் விழவில்லை’ என்று ஒரு பெண் கூறினால், அன்றைய உழைப்பு பதிவேட்டில் இல்லாது போயிற்று என்பது பொருள். உழைப்பின் அளவும் ஆளின் இருப்பும் ஒரே சொல்லிற் கலந்துவிட்டன. அரைப்பேர் என்பது அரைக்கூலி மட்டுமன்று, ஆளையே அரையாக்குதல் என்னும் உணர்வு அச்சொல்லுக்குள் உறைந்து கிடக்கின்றது.

இவ்வமைப்பிற் கங்காணியின் இடம் தனித்துவமானது. தன் கூட்டத்திலிருந்து வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்குச் சில சதம் அவனுக்குத் தலைக்காசாகக் கிடைத்தது. ஆகவே, லயத்தில் நோயுற்றுக் கிடப்பவரையும் எழுப்பிப் பிரட்டுக்கு அனுப்புவது அவனது வருமானத்தோடு பிணைந்திருந்தது. மேற்பார்வை செய்பவனின் நலன், மேற்பார்க்கப்படுபவரின் தலைகளை எண்ணுவதிலேயே தங்கியிருந்தது. அத்தலைகள் எத்துணை களைத்திருந்தன என்பது அவனது கணக்கில் வராது. தொழிலாளரைக் கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்ற உதவிய துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. செக்ரோலில் எழுதும் அதிகாரம் மட்டும் தோட்டத்திடமே இருந்தது.

3. வேலைத்தலத்தினுள் வீடு

ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ.பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், கைத்தொழில் முதலாளித்துவம் வளர்ந்தபோது உழைப்பின் அளவு ‘செய்து முடிக்கும் காரியம்’ என்பதிலிருந்து ‘செலவிடும் நேரம்’ என்பதற்கு மாறியதை விளக்கினார். அம்மாற்றத்தோடு வீடும் வேலைத்தலமும் பிரிந்தன. வேலைநேரம் முதலாளியுடையது, எஞ்சிய நேரம் தன்னுடையது என்னும் எல்லை உருவாயிற்று. வீட்டிலிருந்து பணிபுரிதல் இன்று ஐயத்தை எழுப்புவதற்குக் காரணம், அது அவ்வெல்லையைக் கலைப்பதேயாகும்.

திம்புள்ளயில் அவ்வெல்லை முறையாக வரையப்படவேயில்லை. லயம் தோட்டத்தின் உடைமை. அது தோட்டத்தினுள்ளேயே, தப்பொலி கேட்கும் தொலைவிற் கட்டப்பட்டது. அதிற் குடியிருக்கும் உரிமை தோட்டத்தில் வேலை செய்வதோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலை நீங்கின் வீடும் நீங்கும். பிள்ளை மடுவம், மருந்தகம், பள்ளிக்கூடம், கோயில் யாவும் அதே எல்லைக்குள் அமைந்தன. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லுதல் என்பதனினும், வேலைத்தலத்தினுள் வீடு வைத்திருத்தல் என்பதே தோட்டத் தொழிலாளரின் நிலைமையைச் சரியாக உணர்த்தும். ஆகவே, நகரத்து ஊழியர் 2020இற் புதிதாக எதிர்கொண்ட அனுபவத்தின் ஒரு பகுதியை, அதாவது வேலையின் கண் வீட்டுக்குள் நுழைவதை, இம்மக்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தனர்.

இதில் பெண்களின் நிலை மேலும் கடினமானது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். பிரட்டுக்கு முன்னர் எழுந்து அடுப்பு மூட்டி, உணவு சமைத்து, பிள்ளைகளை மடுவத்தில் விட்டு மலையேறுவதும், மாலையில் நிறுவை முடிந்து திரும்பியபின் விறகு, நீர், சமையல் என இரவுவரை நீள்வதும் அவர்களது நாள். இதன் முதற்பகுதியும் கடைசிப் பகுதியும் எந்தச் செக்ரோலிலும் ஏறியதில்லை. வீட்டில் நடப்பது வேலையன்று என்னும் கருத்தே அதற்குக் காரணம். வீட்டிலிருந்து பணிபுரிந்த எழுதுவினைஞர் மீது இன்று எழும் ஐயத்தின் வேரும் அக்கருத்தே என்பது நோக்கற்பாலது.

4. ஒன்பது மணித்தியாலமும் ஒரு கிலோவும்

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1923இலிருந்து இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியிலிருந்து தொழிலாளரின் நிலைமையைக் கண்காணித்து வந்தார். இந்தியாவின் வற்புறுத்தலும் இச்சட்டத்துக்கு ஏதுவாயிற்று. உணவு நேரம் உட்பட ஒன்பது மணித்தியாலமே வேலைநாள் என்னும் வரையறை அதன்வழி வந்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த கூலி வீதத்தின்படி, திம்புள்ளயை உள்ளடக்கிய மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும், சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாயின. ஒரே ஒன்பது மணித்தியாலத்துக்கு மூன்று விலைகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. நேரம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவினது என்னும் எண்ணம், சட்டத்தின் எழுத்தளவிற்கூட ஐம்பத்தைந்து ஆண்டுகள் மறுக்கப்பட்டிருந்தது.

எனினும், ஒன்பது மணித்தியாலம் என்னும் வரையறை தொழிலாளருக்கு ஒரு கருவியைத் தந்தது. நேரம் முடிந்தது என்று கூறும் உரிமையே அக்கருவி. 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தொடங்கிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனமும், பின்வந்த தொழிற்சங்கங்களும் கூலி உயர்வோடு, கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதையும் பிரச்சினையாக்கின. அரைப்பேர், நிறுவையிற் கழிக்கப்படும் கூடைக்கும் ஈரத்துக்குமான இறாத்தல்கள், பிந்தி வந்தவரைத் திருப்பியனுப்பல் முதலியன தொழிற்சங்க முறைப்பாடுகளில் இடையறாது இடம்பெற்றவை.

நேரத்தை மீறி நிற்கும் மற்றோர் அளவுகோல் இங்கு வந்து சேர்கின்றது. அதுவே கொழுந்தின் நிறை. ஒரு நாட்பேருக்கு இத்தனை இறாத்தல், பின்னர் இத்தனை கிலோ என்னும் வரையறையைத் தோட்டத்தார் ‘நோம்’ என்பர். தொழிலாளி ஒன்பது மணித்தியாலம் மலையில் நின்றாலும் அந்நிறை எட்டாவிடின் முழுப்பேர் இல்லை. நிறை எட்டியபின் நேரம் எஞ்சியிருப்பினும் மலையைவிட்டு இறங்கல் இயலாது. இரு அளவுகோல்களில் எது தொழிலாளிக்குப் பாதகமோ அதுவே அவ்வவ்வேளை பயன்படுத்தப்பட்டது. நேரத்தை அளப்பதானால் நிறையைக் கேட்டல் ஆகாது. நிறையை அளப்பதானால் நேரத்தைக் கட்டுப்படுத்தல் ஆகாது. தோட்டத்து வேலைநாள் இரண்டையும் ஒருங்கே கோரியது.

திம்புள்ளயின் இயற்கை இம்முரணை மேலும் கூர்மைப்படுத்துகின்றது. சனவரி தொடக்கம் மார்ச் வரை, வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் நிலவும் காலத்தில், இங்கு கொழுந்து அருகும். ஆனால் அக்காலத்துத் தேயிலையே மணமும் நிறமும் மிக்கதாய், கொழும்பு ஏலத்தில் உயர்ந்த விலை பெறுவது. மழைக்குப்பின் கொழுந்து மலிந்து, நிறுவை கூடும் மாதங்களில் தேயிலையின் தரம் அத்துணைச் சிறப்புடையதன்று. அதாவது, தொழிலாளியின் கூடையிற் கிலோ குறையும் காலமே ஏலத்தில் ஒரு கிலோவின் விலை உயரும் காலம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கின்றது. நிறையை மட்டும் பார்க்கும் அளவுகோல், அந்த ஒரு கிலோவின் மதிப்பைப் பார்ப்பதில்லை. செடியிற் கொழுந்து இல்லாமை தொழிலாளியின் சோம்பலன்று. ஆயினும் அரைப்பேரின் சுமை அவள்மீதே வீழ்கின்றது.

5. அரசின் இரு பதிவேடுகள்

1975இல் நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தின்கீழ்ப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிலங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. அன்றுதொட்டு 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்படும்வரை, ஜனவசம எனப்பட்ட மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தோட்டங்களை நடத்தின. இப்பதினேழு ஆண்டுகளில் திம்புள்ளயின் தொழிலாளி ஒருவகையில் அரசின் ஊழியராவார். எனினும் அவர் மாதச் சம்பளம் பெற்றாரல்லர். செக்ரோல் தொடர்ந்தது, பேரும் அரைப்பேரும் தொடர்ந்தன. அரசே முதலாளியாயிருந்தும், அரசு தன் எழுதுவினைஞரை ஒரு பதிவேட்டிலும் தன் தொழிலாளரை வேறொரு பதிவேட்டிலும் எழுதியது.

எழுதுவினைஞரின் பதிவேடு எத்தகையது? காலையில் அலுவலர் வருகை இடாப்பிற் கையொப்பமிடுவர். குறித்த நேரம் கடந்ததும் சிவப்புக் கோடு இழுக்கப்படும். கோட்டின்கீழ் ஒப்பமிட்டவர் பிந்தியவர். காலை 8.30இலிருந்து மாலை 4.15 வரை என்பது அலுவலக நேரம். இடாப்பில் அவர் தம் கையாலேயே எழுதுகின்றார். செக்ரோலில் தொழிலாளியின் பேரை வேறொருவர் எழுதுகின்றார். அலுவலரின் குறைபாட்டுக்குத் தாபன விதிக்கோவை விசாரணை, மேன்முறையீடு என்னும் படிகளை வகுத்துள்ளது. அரைப்பேருக்கு அத்தகைய படி எதுவுமில்லை. மாலையில் தராசடியில் நடக்கும் வாக்குவாதமே அதன் விசாரணை.

இரு பதிவேடுகளும் இத்துணைக் காலம் பிரிந்து நின்றமைக்கு அரசியற் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்ற ஸி.வி. வேலுப்பிள்ளையைத் தெரிந்தெடுத்த மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளராக இருக்கவில்லை. பிரசாவுரிமை அற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் எட்டாக்கனி. எனவே, திம்புள்ளயின் அலுவலகங்களில் மேசையின் ஒருபுறத்தே அமர்ந்தோரும் மறுபுறத்தே நின்றோரும் ஒரே சமூகத்தவராக இருத்தல் அரிதாயிற்று. 1966இல் மாதம் ரூபா 17.50 விசேடப்படி கோரித் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை இப்பின்னணியில் நோக்குதல் தகும். நாட்கூலிக்காரரும் மாதக் கணக்கில் வாழ்கின்றனர் என்பதை ஏற்கச்செய்யும் முயற்சியாகவும் அது அமைந்தது.

6. வருகைக்குக் கொடுப்பனவு

அண்மைக் காலக் கூலி வரலாறு இப்பிரச்சினை தீரவில்லை என்பதைக் காட்டுகின்றது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி நாளொன்றுக்கு ரூபா 730 எனப் பேசப்பட்ட கூலியின் கூறுகள் வருமாறு: அடிப்படை 500, வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. வேலை வழங்கிய நாட்களில் 75 வீதத்துக்குக் குறைவாக வந்தால் வருகைக் கொடுப்பனவு இல்லை. நோம் எட்டாவிடின் உற்பத்தித்திறன் கொடுப்பனவு இல்லை. நேரத்துக்கும் நிறைக்கும் இரட்டைப் பூட்டு இடும் பழைய முறையே புதிய பெயர்களில் வந்தது. 2019 ஒப்பந்தத்தில் இவ்விரு கொடுப்பனவுகளும் நீக்கப்பட்டு, அடிப்படை 700, விலைப்பங்கு 50 என ரூபா 750 ஆயிற்று.

2021 மார்ச்சில் சம்பளச் சபையின் வழியாக வர்த்தமானியில் ரூபா 1,000 நாட்கூலி அறிவிக்கப்பட்டது. கூட்டு ஒப்பந்தம் அதே வேளை இல்லாது போயிற்று. அதன்பின் பல தோட்டங்களில் ஒரு பேருக்குரிய கிலோ உயர்த்தப்பட்டதாகவும், அதனை எட்டாதோருக்கு அரைப்பேர் இடப்பட்டதாகவும் தொழிலாளரும் சங்கங்களும் முறையிட்டனர். நாட்கூலியைச் சட்டம் உயர்த்தலாம். நாள் என்பது எது என்பதைச் சட்டம் வரையறுக்காதவரை, உயர்வின் ஒரு பகுதி தராசடியிற் கரைந்துவிடும். 2024இல் அடிப்படைக் கூலி ரூபா 1,350 ஆயிற்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ஆக்கி, அரசாங்கத்தின் சார்பில் நாளொன்றுக்கு ரூபா 200 வருகைக் கொடுப்பனவையும் முன்மொழிந்தது. தோட்டத் தொழிலாளியின் வருகைக்கு அரசே பணம் வழங்க முன்வந்தமை புதியது. வருகையே அளவுகோலாக மீண்டும் நிற்பது பழையது.

7. அலுவலகத்துக்குத் திரும்புவோம்

இவ்வரலாற்றைக் கைக்கொண்டு தொடக்க வினாவுக்குத் திரும்பினால், அதனை வேறுவிதமாகக் கேட்க இயலும். 2017இல் அரசாங்க அலுவலகங்களில் விரலடையாளப் பொறி கட்டாயமாக்கப்பட்டது. தொற்றுக் காலத்தில் அது ஒதுக்கி வைக்கப்பட்டது. இப்பொறியும் பழைய இடாப்பும் எண்ணியது உடலின் வருகையையே. அலுவலகத்துக்கு வந்து 8.30க்கு விரல் பதித்தவர் 4.15வரை பணிபுரிந்தார் என்பதற்கு அப்பொறி சான்றாகாது. ஆகவே, வீட்டிலிருந்தபோது முழுநேரம் உழைத்தனரா என்று ஐயுறுவோர், அலுவலகத்திலிருந்தபோது உழைத்ததை எவ்வாறு அறிந்தனர் என்னும் வினாவையும் எதிர்கொண்டாதல் வேண்டும்.

பிறநாட்டு அனுபவங்கள் சில இங்கு பயன்படும். சீனப் பயண முகவர் நிறுவனமொன்றில் 2010-11இல் ஒன்பது மாதம் நடத்தப்பட்ட பரிசோதனையில், வீட்டிலிருந்து பணிபுரிந்தோரின் செயலாற்றல் 13 வீதம் உயர்ந்தது. அவ்வுயர்வின் பெரும்பகுதி, இடைவேளையும் சுகவீன விடுமுறையும் குறைந்து அவர்கள் கூடுதலான நிமிடங்கள் உழைத்ததால் வந்தது. அரசாங்க ஊழியர்க்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகம். அங்கு விரும்பிய இடத்திலிருந்து பணிபுரிய அனுமதிக்கப்பட்ட பரிசோதகரின் வெளியீடு 4.4 வீதம் உயர்ந்ததாக 2021இல் வெளியான ஆய்வு கண்டது. அதே நிறுவனத்தின் மற்றொரு பிரிவில், வீட்டிலிருந்து பணிபுரிந்த சட்ட உதவியாளர் வேலையின்றி இருந்து சம்பளம் பெற்றதை 2014இல் அரசாங்கக் கண்காணிப்பு அறிக்கை வெளிப்படுத்தியது. அவர்களுக்கு வழங்க முகாமையிடம் போதிய வேலை இருக்கவில்லை என்பதே அதன் காரணம். ஒரே நிறுவனத்தில் இருவேறு விளைவுகள் தோன்றியமைக்கு வீடு பொறுப்பன்று. வேலை பகிரப்பட்ட முறையே பொறுப்பாகும். கொழுந்தில்லாத செடியின் குற்றம் கொய்பவளுடையதன்று என்று முன்னர்க் கூறியது இங்கும் பொருந்தும்.

இலங்கை ஆசிரியர்களின் அனுபவமும் கவனத்துக்குரியது. தொற்றுக் காலத்தில் அவர்கள் கைத்தொலைபேசி வழியாகக் கற்பித்தனர். 2021 ஜூலையில் சம்பள முரண்பாடு முதலிய கோரிக்கைகளை முன்வைத்து அக்கற்பித்தலிலிருந்து விலகினர். போராட்டம் ஒக்டோபர்வரை நீடித்தது. வீட்டிலிருந்து செய்த வேலை வெறும் பெயரளவினதாயின், அதனை நிறுத்துதல் ஒரு போராட்ட ஆயுதமாக இருந்திருக்க முடியாது.

ஆயினும், இவற்றைக்கொண்டு அரசாங்க ஊழியர் மீதான ஐயம் அனைத்தும் ஆதாரமற்றது என முடிபு கூறுதல் பொருந்தாது. திம்புள்ளயின் தொழிலாளிக்கு அரசாங்க அலுவலரின் வருகை ஒரு கோட்பாட்டு விவகாரமன்று. பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ சேமலாப நிதியோ பெறுவதற்கு அவர் நகரத்துக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் இழக்கப்படுகின்றது. உரிய அலுவலர் அன்று இல்லையெனின் மறுநாளும் வரவேண்டும். இரண்டாவது பேரும் போய்விடும். அலுவலர் வராத நாளுக்கு அலுவலரின் சம்பளம் குறையாது. காத்திருந்தவரின் கூலி குறையும். அரச சேவையின் இழக்கப்பட்ட மணித்தியாலங்களுக்கு நாட்டில் எவரேனும் நேரடியாக விலை செலுத்துகின்றனரெனின், அவர்களுள் முதல்வர் நாட்கூலிக்காரரே. ஆகவே, முழுநேரம் பற்றிய வினாவைக் கேட்கும் முதல் உரிமையும் அவர்களுக்கே உண்டு.

8. முடிவுரை

நமது ஆய்விலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, முழுநாள் என்பது இயற்கையான அளவன்று. 1865இன் சட்டம் முதல் 2025இன் முன்மொழிவுவரை, அதனை வரையறுக்கும் அதிகாரமே போராட்டத்தின் மையமாக இருந்துள்ளது.

இரண்டாவது, நேரத்தை எண்ணுவதும் நிறையை எண்ணுவதும் தம்மளவில் நீதியானவையோ அநீதியானவையோ அல்ல. எண்ணுபவர் ஒருவராயும் எண்ணப்படுபவர் பிறிதொருவராயும் இருந்து, பின்னவருக்குப் பதிவேட்டைப் பார்க்கவும் மறுக்கவும் உரிமை இல்லாதபோதே அளவுகோல் ஒடுக்குமுறையாகின்றது. வீட்டிலிருக்கும் அலுவலரின் கணினியை நிமிடந்தோறும் கண்காணித்து நேரத்தை உறுதிப்படுத்தலாம் என எண்ணுவோர், செக்ரோலை அலுவலகத்துக்குக் கொண்டுவர முயல்கின்றனர். நோம் எட்டப்பட்டதும் நோம் உயரும் என்பதைத் திம்புள்ள அவர்களுக்குக் கற்பிக்கும்.

மூன்றாவது, மாற்றம் எதிர்த்திசையிற் செல்லுதல் வேண்டும். அலுவலருக்குள்ள மாதச் சம்பளம், தம் கையால் எழுதும் பதிவு, மேன்முறையீட்டு உரிமை ஆகியன மலைக்கு ஏறவேண்டும். ஒரு பேருக்குரிய கிலோ எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது தராசடியில் எழுதி வைக்கப்பட வேண்டும். வறட்சிப் பருவத்தில் அது குறைதல் வேண்டும். அதற்கு ஈடாக, அலுவலரின் உழைப்பு வருகை இடாப்பினால் அன்றி, மலையிலிருந்து இறங்கி வந்தவரின் அலுவல் அன்றே முடிந்ததா என்பதனால் அளக்கப்பட வேண்டும். அலுவலர் அதனை மேசையிலிருந்து முடித்தாரா, வீட்டிலிருந்து முடித்தாரா என்பது அப்போது இரண்டாம்பட்சமாகும். ஒருவரது வேலைநேரம் பற்றிய நியாயமான கணக்கு, அவ்வேலையின்மையால் மற்றொருவர் இழக்கும் பேரையும் சேர்த்தே எழுதப்படல் வேண்டும் என்பதே நமது கருத்து.